டீ மேக்கருக்கு வந்த பேன்ட்ரி வேலைகள்: ஒரு வேலைத் தேடலின் நிகழ்வு ஆய்வு

குன்னூரில் மழை பிடித்துக்கொண்ட ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி என் வீட்டுக்கு வந்தார். குடையை வாசலில் மடக்கி வைத்த கையோடு போனை நீட்டினார். "அக்கா, இதப் பாருங்க. என்னை என்னன்னு நினைச்சிட்டிருக்காங்க இவங்க?"

வேலைவாய்ப்புத் தளம் ஒன்று அனுப்பியிருந்த அறிவிப்புகள். 'உங்கள் தகுதிக்கு ஏற்ற வேலைகள்' என்ற தலைப்பில் வரிசையாக வந்திருந்தன. கோவை சரவணம்பட்டியில் ஐடி அலுவலகம் ஒன்றுக்குப் பேன்ட்ரி பாய். ஓசூரில் ஆபீஸ் அசிஸ்டன்ட், டீ, காபி போடத் தெரிந்திருக்க வேண்டும். பெங்களூரில் டீ மாஸ்டர், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம்.

அவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கர். நீலகிரியில் யாரிடம் சொன்னாலும் புரியும். பச்சைக் கொழுந்து சாக்கில் வந்து இறங்குவதிலிருந்து தூளாகி மூட்டையில் ஏறும்வரை அவர் பொறுப்பு. எத்தனை மணி நேரம் வாட வேண்டும், கொழுந்தை நசுக்கிச் சுருட்டும் சிடிசி ரோலரை எவ்வளவு நெருக்க வேண்டும், ட்ரையரில் சூடு எவ்வளவு, எல்லாம் அவர் கணக்கு. மேட்டுப்பாளையம் தாண்டினால் அந்தப் பெயருக்கு அர்த்தமே மாறிவிடுகிறது. தளத்தை நடத்தும் கணினிக்கு மலையைத் தெரியாது. 'டீ'யும் 'மேக்கர்'உம் தெரியும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் 22 வருடம் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊரான குன்னூருக்கு வந்துவிட்டேன். ரெஸ்யூம் பார்த்துத் தரச் சொல்லி யாராவது வருவார்கள். அப்படி வந்தவர்களில் இந்தத் தம்பியின் கதையைத்தான் முழுக்கக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாத அளவுக்குச் சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

வந்தபோது இருந்த நிலை

வயது 34. உதகை அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல். ஒரே தொழிற்சாலையில் 9 வருடம். சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கித் தூள் போடும் இடம். பிப்ரவரியில் நின்றுவிட்டது. கடைசிச் சம்பளம் 24,000 ரூபாய். மனைவி, யூகேஜி படிக்கும் பெண், அம்மா.

ஒரு பள்ளிக்கூட நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். நல்ல பழக்கம், முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. நாலு மாதத்தில் 137 விண்ணப்பங்கள். வந்த அழைப்புகள் ஐந்து. அதில் இரண்டு பேர் பணம் கேட்டார்கள். ஒருவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆகச் சொன்னார். இன்னொன்று உதகையில் மார்க்கெட்டிங் வேலை, டார்கெட்டை எட்டினால்தான் சம்பளம்.

ஐந்தாவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கோவை எண், அடுத்தடுத்து இரண்டு முறை அடித்திருக்கிறது. இவர் வீடு பள்ளத்தில் இருக்கிறது; மாரியம்மன் கோயில் திருப்பத்துக்கு ஏறினால்தான் சிக்னல். சாயந்தரம் பார்த்துத் திருப்பி அடித்தால், "அந்தப் பொசிஷன் முடிஞ்சிருச்சு சார்." நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன்: காலையில் 15 பேருடைய பட்டியலை வைத்துக்கொண்டு அடிப்போம். எடுக்காதவரை இரண்டாவது முறை அடிப்பதே பெரிய மனது. அன்றைக்கே ரெஸ்யூமில் மாற்று எண்ணாக மேட்டில் இருக்கும் அவர் தங்கையின் எண்ணைச் சேர்த்தோம். 'வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் அழைக்கிறேன்' என்று ஒரு வரியும் போட்டோம். ஒரு கல்லூரிப் பேராசிரியர் இதைப் பார்த்துவிட்டு ரெஸ்யூமில் இப்படியெல்லாம் எழுதலாமா என்று கேட்டார். மலையில் இருப்பவர் எழுதலாம்.

பணம் கேட்ட இருவரில் ஒருவருக்கு இவர் 2,500 ரூபாய் அனுப்பியும் விட்டார். 'ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம்', அப்புறம் துபாயில் உணவுத் தொழிற்சாலை, மாதம் 85,000. பணம் போனதும் எண் அணைந்தது. வேலை கொடுப்பவர் வேலை தேடுபவரிடம் காசு கேட்பது எங்கும் வழக்கமில்லை. வெளிநாட்டு வேலை என்றால், வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுள்ள ஏஜென்டா என்று பார்க்கலாம். அவர்கள்கூடச் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டி வாங்கக் கூடாது. ஏமாந்தது தெரிந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு அடித்தால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. இவர் வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம்

அவர் ரெஸ்யூம் நாலு பக்கம். அப்பா பெயர், மதம், ரத்த வகை, 'மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்', கையெழுத்து. வேலையைப் பற்றி மூன்றே வரி. இதைத் திருத்துவதற்கு முன்னால், கம்பெனிக்காரர் தளத்தில் எதைப் பார்க்கிறார் என்று அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு காகிதத்தில் வரைந்தேன்.

விண்ணப்பிக்கும் பொத்தானை அழுத்தியதும் நம் ரெஸ்யூம் யாரோ ஒருவர் மேஜைக்குப் போகிறது என்று நினைக்கிறோம். போகிறது, ஆனால் குவியலாக. ஒரு சூப்பர்வைசர் வேலைக்கு நூற்றுக்கணக்கில் வந்து விழும். அந்தக் குவியலைத் திறக்கவே மாட்டேன் என்று வைத்திருந்தவர்கள் எங்கள் தொழிலில் நிறைய, நான் உட்பட. அதற்குப் பதில் தேடுவோம். ஒரு கட்டத்தில் பதவிப் பெயர். இன்னொன்றில் எத்தனை வருட அனுபவம். அடுத்து ஊர், சம்பளம், எவ்வளவு நாளில் சேரலாம், கடைசியாகத் தளத்துக்குள் எப்போது வந்தார். பல்லாயிரம் பேர் நாற்பது பேராகச் சுருங்குவார்கள். மேலே இருக்கும் இருபது பேரைத் திறந்து பார்ப்போம்.

இந்தத் தம்பி அந்த நாற்பதில் எப்படி வருவார்? பதவி 'டீ மேக்கர்'. ஊர் 'நீலகிரி' மட்டும். தளத்துக்குள் போவது விண்ணப்பிக்க மட்டும். சுயவிவரத்தைத் தொட்டு நாலு மாதம் ஆகிறது. 137 முறை கதவைத் தட்டியிருக்கிறார், வாசலில் பெயர்ப்பலகை வேறு ஒருவருடையது.

தலைப்பை மாற்றினோம். ஆங்கிலத்தில்தான் எழுதினோம், இங்கே தமிழில் தருகிறேன்: உணவு பதப்படுத்தும் துறையில் உற்பத்தி மேற்பார்வையாளர், தேயிலை, 9 வருடம், உலர்த்துதல் மற்றும் தரக்கட்டுப்பாடு. அவருக்கு ஒரு சங்கடம். "என் ஆர்டர்ல டீ மேக்கர்னுதானே அக்கா இருக்கு? மாத்திப் போட்டா பொய்யாயிடாதா?" நியாயமான கேள்வி. அனுபவப் பகுதியில் பதவிப் பெயர் ஆர்டரில் இருப்பதுபோலவே இருக்கட்டும், நாளைக்குச் சரிபார்த்தாலும் பொருந்தும். தலைப்பு வரி பதவியைச் சொல்ல வேண்டியதில்லை, செய்கிற வேலையைச் சொல்லலாம்.

அப்புறம் அந்த மூன்று வரியைப் பிரித்தோம். இதற்கு ஒரு மதியம் முழுக்கப் போனது. ஒரு நாளைக்கு எவ்வளவு கொழுந்து? சீசனில் 20,000 கிலோ. எத்தனை பேர்? மூன்று ஷிஃப்டிலும் சேர்த்து 38. ட்ரையர் வாயில் தூளின் ஈரப்பதம்? "3 பெர்சென்ட், அதைத் தாண்ட விடமாட்டேன்." தாண்டினால்? "மூட்டைல பூசணம் வாடை அடிக்கும். ஏலத்துல வாங்கினவங்க திருப்பிடுவாங்க." எத்தனை லாட் திரும்பியது? கடைசி இரண்டு வருடத்தில் ஒன்றுகூட இல்லை. இதையெல்லாம் எழுதாமல் ரத்த வகையை எழுதி வைத்திருந்தார்.

வேலை செய்யத் தயாராக உள்ள ஊர்களில் கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஓசூர், பெங்களூர் சேர்ந்தன. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் கோயில் திருப்பத்தில் நின்று சுயவிவரத்தில் ஒரு வரியைத் தொட்டுச் சேமிப்பது என்று ஏற்பாடு. சமீபத்தில் தொட்ட சுயவிவரம் தேடலில் மேலே வரும்.

மூன்று வாரத்தில் ஆறு அழைப்பு. மசாலா கம்பெனி, பேக்கரி, பால் பண்ணை. எல்லாமே இவருக்குப் பொருந்தும் வேலைகள். ஒரு வீடியோ நேர்காணல் பாதியில் அறுந்தது. மசாலாக் கம்பெனி 19,000 சொன்னது, வேண்டாம் என்றார். சரி, தளத்தால் வேலை கிடைக்கவில்லை. ஆனால் தன் கைத்தொழிலுக்கு மலைக்குக் கீழே என்ன பெயர் என்று தெரிந்துவிட்டது. பிறகு நடந்ததற்கு அந்தப் பெயர்தான் முதல்.

தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதிந்தார். உதகை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை நடந்த முகாமுக்கும் ஒரு முறை போனார். இரண்டு ஓட்டல்கள், ஒரு நிதி நிறுவனம். காசு செலவில்லை, போய்ப் பார்க்கலாம். அன்று வந்திருந்தவர்கள் தேடியது புதிதாகப் படித்து முடித்தவர்களை.

"எனக்கு யாரையும் தெரியாது அக்கா"

தெரிந்தவர்களிடம் கேட்டீர்களா என்றதற்கு, எல்லாரிடமும் கேட்டுவிட்டேன் என்றார். யார் யார்? மாமா, சித்தப்பா, மச்சான், கூட வேலை பார்த்த மூன்று பேர். அவர் அம்மா குடும்பம் 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை தரத்தான் அரசு 1968-இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுதான் பின்னால் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. அதனால் சொந்தம் மொத்தமும் தேயிலையில். கொழுந்து விலை விழுந்தால் எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் விழும். மாமாவுக்குத் தெரிந்த காலியிடம் இவருக்கும் தெரியும், மச்சானுக்கும் தெரியும், அந்த ஒன்றுக்கு மூவரும் நிற்பார்கள்.

சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய ஒரு ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் அவர் கேட்டது ஒரே விஷயம்: சொன்ன ஆளை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6. அபூர்வமாக என்றவர்கள் 27.8. தூரத்துப் பழக்கக்காரர்தான் நமக்குத் தெரியாத செய்தியோடு வருகிறார். நெருங்கியவருக்கு நம்மேல் அக்கறை உண்டு, புதுச் செய்தி இருக்காது.

இதையே வேலை, தொழில் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து ஆய்வாளர்கள் ஐந்து வருடம் சோதித்து, 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ரொம்ப நெருக்கமும் இல்லாமல் முழு அந்நியமும் இல்லாமல் இருப்பவரே அதிகம் உதவுகிறார் என்று வந்தது. அதில் ஒரு கொக்கியும் இருக்கிறது. கணினி அதிகம் புழங்கும் துறைகளில்தான் தூரத்துப் பழக்கம் பலன் தந்தது. புழங்காத துறைகளில் நெருங்கிய பழக்கமே மேல். அந்தக் கணக்குப்படி தொழிற்சாலைத் தளத்தில் நிற்கும் இந்தத் தம்பிக்கு மாமாதான் உதவியிருக்க வேண்டும். ஆனால் நெருங்கியவர் மொத்தப் பேரும் ஒரே பள்ளத்தில் இருக்கும்போது அந்தக் கணக்கு எப்படி உதவும்? நான் தூரத்துப் பக்கமே போனேன்.

நோட்டில் புதுப் பக்கம். சொந்தம் வேண்டாம், கூட வேலை பார்த்தவர் வேண்டாம். 9 வருடத்தில் அந்தத் தொழிற்சாலை கேட்டுக்குள் வந்து போனவர் யார் யார்? முதலில் ஐந்து பேர் வந்தார்கள். பேசப் பேச நீண்டது. ரோலர் சாணை பிடிக்க எடுத்துப் போகிறவர், மூட்டைக்குச் சாக்கு கொடுப்பவர், விறகு லாரி புரோக்கர், தராசுக்கு முத்திரை போட வருபவர், ஏல புரோக்கர் ஆபீசில் கப் ருசி பார்ப்பவர், மோட்டார் காயில் கட்டுபவர், ட்ரையர் சர்வீஸ்காரர், கல்லூரியில் கடைசி பெஞ்சில் கூட இருந்து இப்போது திருப்பூர்ச் சாயப்பட்டறை லேபில் இருப்பவர். 43 பெயர்கள். யாரையும் தெரியாது என்று சொன்னவர் இவர்தான்.

அவர் முன்பு எல்லாருக்கும் ஒரே அடியாக அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்தி இது: "வணக்கம் அண்ணா, நலமா? எனக்கு இப்போ வேலை இல்லை. தெரிஞ்ச இடத்துல ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க." வந்த பதில்கள்: கட்டைவிரல், 'கண்டிப்பா ப்ரோ', 'சொல்றேன் தம்பி'. குறை சொல்ல முடியாது. 'ஏதாவது வேலை' என்பதை யாரும் மனதில் வைத்துக்கொள்ள முடியாது. கேட்கப்பட்டவருக்கும் கையில் வேலை இல்லையே என்ற கூச்சம்.

ட்ரையர் சர்வீஸ்காரருக்குப் புதிதாக எழுதியது: "அண்ணா, கோத்தகிரி டீ மேக்கர் பேசறேன். போன வருஷம் ஃபேன் பேரிங் மாத்த வந்தீங்க, ராத்திரி 2 மணி வரைக்கும் இருந்தோம். பேக்டரி நின்னுடுச்சு. ஒரு விஷயம் கேக்கணும். டீ தவிர வேற எந்தத் தொழில்ல இதே மாதிரி ட்ரையர் பாக்கறீங்க? அங்க என் மாதிரி ஆள் சரிப்படுவாங்களா? பத்து நிமிஷம் பேசணும், எப்ப கூப்பிடட்டும்?"

வேலை கேட்கவில்லை, விவரம் கேட்டார். தனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றி யார் கேட்டாலும் மனுஷன் பேசுவான். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தி, நாளைக்கு ஐந்துக்கு மேல் இல்லை, ஒவ்வொன்றிலும் அவரோடு சேர்ந்து இருந்த ஒரு ராத்திரியோ ஒரு ரிப்பேரோ. 43-இல் 19 பேர் பதில் போட்டார்கள், 11 பேர் பேசினார்கள், மூன்று பேரிடம் உருப்படியான தகவல் இருந்தது.

சர்வீஸ்காரர் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்ட் இரைச்சலுக்கு நடுவே மூன்று நிமிடக் குரல் பதிவு அனுப்பினார். மலைக்கு வருவது குறைந்துவிட்டது, இப்போது பாதி வேலை தேங்காய்ப் பவுடர் யூனிட்டுகளில்தான், அதே மாதிரி ட்ரையர், அவர்களுக்கும் ஈரப்பதம் 3-க்குள் வர வேண்டும். கடைசியில் போகிற போக்கில்: "நெகமம் பக்கம் ஒரு யூனிட்ல ஷிஃப்ட் பாக்க ஆள் இல்லாம மேனேஜரே ராத்திரி நிக்கிறாரு தம்பி. நம்பர் தர்றேன், என் பேரைச் சொல்லு." அந்த வேலை எந்தத் தளத்திலும் வந்திருக்கவில்லை.

நெகமம்

நேர்காணலுக்கு முன்னால் சர்வீஸ்காரரிடம் இன்னொரு கேள்வி கேட்கச் சொன்னேன்: தேயிலைக்காரன் தேங்காயில் எங்கே தடுக்கி விழுவான்? தேங்காயில் எண்ணெய் இருக்கிறது, சூடு கூடினால் மஞ்சளடிக்கும், வெள்ளை போனால் விலை போச்சு என்றார்.

மேனேஜர் ரெஸ்யூமைத் தொடவில்லையாம். நேராக ட்ரையர் வாய்க்குக் கூட்டிப்போய், விழுந்துகொண்டிருந்த துருவலில் ஒரு கை அள்ளிக் கொடுத்து, ஈரம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். இவர் கசக்கி, முகர்ந்து, இன்னொரு முறை கசக்கினார். "தேங்காய் எனக்குப் புதுசு சார், நம்பர் சொல்ல மாட்டேன். மேல காஞ்சிருக்கு, உள்ள காயல. உள்ள போற காத்து சூடு அதிகமோ?" வேகமாகச் சூடு வைத்தால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும், தேயிலையிலும் இதே பாடு. மீட்டரில் வைத்தார்கள், 4-ஐத் தாண்டியிருந்தது. அப்புறம்தான் உட்காரச் சொன்னார்.

மேனேஜர் ஒன்று சொன்னார், அதை இங்கே பதிய வேண்டும். போன் வந்த ராத்திரியே இவர் பெயரை இணையத்தில் போட்டுத் தேடியிருக்கிறார். லிங்க்ட்இன்னில் இவர் எழுதியிருந்த நாலு பத்தி கிடைத்தது: மழைக்கால ஈரக் கொழுந்தில் ஒரு லாட் கருகிப்போனது, ட்ரையர் சார்ட்டில் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று. மொத்தமே ஒன்பது பேர் லைக் போட்ட பதிவு. "சர்வீஸ்காரர் யாரை வேணா அனுப்புவாரு. அதைப் படிச்சப்புறம்தான் வரச் சொன்னேன்" என்றாராம். பெயரைச் சொன்னது பழக்கம், சரிபார்க்க இடம் கொடுத்தது இணையம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அவர் நெகமம் போயிருக்க மாட்டார் என்பது என் கணிப்பு.

மலைக்காரர்களைப் பற்றி ஒரு சந்தேகமும் வந்தது. வெயில் தாங்காமல் ஆறு மாதத்தில் ஓடிவிடுவார்கள் என்று சமவெளியில் ஒரு பேச்சு உண்டு. கோவையில் நானே அப்படி ஒரு சிலரைத் தள்ளியிருக்கிறேன். மேனேஜர் கேட்பதற்கு முன்பே இவர் சொல்லிவிட்டார்: முதல் மூன்று மாதம் தனியாக வருகிறேன், மாதம் இரண்டு ஞாயிறு லீவு போதும், பெண்ணின் பள்ளிக்கூடத்தை ஜூனில் மாற்றிக்கொள்ளலாம்.

செப்டம்பரில் சேர்ந்தார். 27,000, தங்க அறை.

என் பக்கத்துத் தவறுகளையும் எழுதிவிடுகிறேன். லிங்க்ட்இன்னில் முன்பின் தெரியாத ஹெச்ஆர் ஆட்கள் இருநூறு பேருக்கு நட்பழைப்பு அனுப்பவைத்து மூன்று வாரத்தைக் கெடுத்தேன். ஒரு பலனும் இல்லை. பழைய முதலாளியிடம் போக வேண்டாம், சம்பள பாக்கி வைத்தவர் எதற்கு உதவுவார் என்று சொன்னதும் நான்தான். நெகமத்திலிருந்து விசாரித்தபோது அந்த முதலாளிதான் கால் மணி நேரம் இவரைப் புகழ்ந்து பேசினாராம். பாக்கி இன்னும் வரவில்லை, அது வேறு.

வீடு இன்னும் கோத்தகிரியில்தான். ஜூன் வந்தால் தெரியும். அவர் மனைவிக்குப் பொள்ளாச்சி வெயில் பற்றி இப்போதே கவலை.

முதல் சம்பளத்தில் இனிப்பு வாங்கிக்கொண்டு சர்வீஸ்காரரைக் கோவையில் அவர் பட்டறையில் போய்ப் பார்த்திருக்கிறார். அவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கி, "என்ன விசேஷம் தம்பி?" என்று கேட்டாராம். நெகமம் என்றதும் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஓ, அங்க சேந்துட்டியா? நான்தான் சொன்னேனா?"